பிளேட்லெட் குறைந்தால் டெங்கிதான் என்று நினைத்திருந்தேன்

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக ஒரு பப்பாளி மரம் நிற்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் மொட்டையாவது அந்த மரம்தான். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதில் ஆறு இலை பறித்து, மிக்சியில் அடித்து, துணியில் பிழிந்து அம்மாவுக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பத்து நிமிடத்தில் அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. அந்த நேரத்தில் அம்மாவின் வலது சிறுநீரகத்தில் சீழ் கட்டிக்கொண்டிருந்தது, ரத்தத்தில் பாக்டீரியா இறங்கிவிட்டது. நான் அடுத்த வேளைக்கு இன்னும் நாலு இலை எடுத்து வைத்தேன்.

அம்மாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நானும் அம்மாவும்தான் வீட்டில். என் கணவருக்கு மீரியில் எண்ணெய் மேடையில் வேலை, நாலு வாரம் கடலில், நாலு வாரம் வீட்டில். தம்பி மெல்பர்னில். இதைச் சொல்லக் காரணம், அந்த மூன்று நாளும் முடிவெடுக்க என் பக்கத்தில் யாரும் இல்லை. கைப்பேசியில் மட்டும் ஊரே இருந்தது.

வியாழன் இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மாவுக்குக் குளிர் கண்டது. சாதாரண நடுக்கம் இல்லை, கட்டில் ஆடியது, பல் கிட்டியது. இரண்டு போர்வை போர்த்தி பெனடோல் கொடுத்தேன். அதற்கு முந்தைய நாலைந்து நாளாக ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது, வலது இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "உடம்பு சூடு கண்ணு, பார்லி காய்ச்சிக் குடு" என்றார். காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் கிளினிக்கில் டாக்டர் கேட்டபோது காய்ச்சலையும் நடுக்கத்தையும் சொன்ன நான், இந்த எரிச்சலைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. காய்ச்சலுக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. முந்தின வாரம்தான் எங்கள் கட்டடத்தில் கொசுவுக்குப் புகை அடித்திருந்தார்கள். டாக்டர் மனத்திலும் டெங்கி, என் மனத்திலும் டெங்கி. ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 112,000. குறைந்தது 150,000 இருக்க வேண்டும். டெங்கிக்கான என்எஸ்1 சோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்து டெங்கி இல்லை என்று சொல்ல முடியாது, நாளைக்கு வந்து மறுபடி எடுங்கள் என்று அனுப்பினார்கள். அது தவறான பேச்சும் இல்லை.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளேட்லெட்டுக்குச் சில வரி மேலே வெள்ளை அணுக்கள் 21,000 என்று இருக்கிறது. சாதாரணமாக 11,000க்குள் இருக்கும். டெங்கியில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும். ஏறிக் கிடந்தால் பாக்டீரியா இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த ஒரு வரியை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது, கடுமையான கிருமித்தொற்றில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோவதும் உண்டு. ஆனாலும் "இது ஏன் டாக்டர் இவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், எரிச்சல் பற்றிய பேச்சு வந்திருக்கும், சிறுநீரைச் சோதித்திருப்பார்கள். நம் ஊரில் ரிப்போர்ட் கையில் வந்தால் எல்லாருடைய கண்ணும் பிளேட்லெட்டில்தான் போய் நிற்கிறது. உங்கள் கண் மற்ற வரிகளிலும் நிற்கட்டும்.

சனிக்கிழமை காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. 36.1. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! பசியாற இட்லி ஊற்றினேன். கூப்பிட்டால் அம்மா என்னை "பாப்பாத்தி" என்றார். அது செத்துப்போன பெரியம்மா பெயர். கை ஐஸ் மாதிரி இருந்தது, மூச்சு ஓடி வந்தவர் மாதிரி வாங்கியது, முழங்காலில் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு அவர் பாத்ரூம் பக்கமே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனையும் சேர்ந்தால் அது காய்ச்சல் விட்டதற்கு அடையாளம் இல்லை, உடம்பு கைவிடுவதற்கு அடையாளம். வயதானவர்களுக்கு, சர்க்கரைக்காரர்களுக்குக் கிருமி முற்றும்போது சூடு ஏறாமல் இறங்கவும் செய்யும். டெங்கியிலும் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் இட்லி ஊற்றிய அரைமணி நேரத்துக்கு நியாயம் இல்லை. 999ஐ அழைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் கிராப் வாடகைக் கார் பிடித்தேன். சனிக்கிழமை நெரிசலில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன்.

அருகில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரத்த அழுத்தம் 76க்கு 42. லாக்டேட் என்று ஒன்று பார்த்தார்கள், இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டியது 6.1. உடம்புக்குள் ரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேராதபோது ஏறுகிற கணக்கு அது. பிளேட்லெட் ஒரே இரவில் 41,000க்கு விழுந்திருந்தது. வந்து அரைமணி நேரத்துக்குள், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்கினார்கள். ஸ்கேனில் தெரிந்தது: வலது சிறுநீர்க்குழாயில் கல் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் சிறுநீரும் சீழும் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. முதுகு வழியாக ஒரு குழாய் விட்டு வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மட்டும் போதாது என்றார்கள்.

நான் தடுமாறியது இங்கேதான். கையெழுத்துக் கேட்டபோது மணி பதினொன்றரை. முதலில் வந்த டாக்டர், "ரத்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்னதாக ரத்தம் உறைகிறது" என்றார். சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்து, "ரத்தம் உறையும் தன்மை குறைந்துவிட்டது, குழாய் விடும்போது ரத்தக்கசிவு வரலாம், முன்னால் பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ஏற்றுவோம்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் உறைகிறது என்கிறார், ஒருவர் உறையவில்லை என்கிறார், இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத இடத்தில் அம்மா முதுகில் ஊசி குத்தக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதற்குள் கவுண்டரில் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டச் சொல்லிவிட்டார்கள். உறவுக்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். "காசு பிடுங்கப் பார்க்கிறான், அவசரப்பட்டுப் போட்டுடாதே" என்றார். அவர் பேச்சை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை. பயத்தில் இருக்கிறவளுக்குக் கோபம் வசதியான இடம். "உங்களுக்குள்ளேயே முதலில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று அந்த டாக்டரிடம் கத்தினேன். நடைவழியில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மணி வாக்கில் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், நம் பெண், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவீங்கதானே?" என்றார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று பார்த்தேன். "அன்னைக்கு ஊர்ல இருக்கிற போலீஸ் எல்லாத்தையும் கொண்டுபோய் ஒவ்வொரு சந்துலயும் தடுப்புப் போட்டு நிறுத்திட்டாங்கன்னு வைங்க. ரெண்டு கஷ்டம் வரும். ஒண்ணு, ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாது. ரெண்டாவது, நிஜமாவே எங்கேயாவது திருட்டு நடந்தா அனுப்ப ஸ்டேஷன்ல ஆள் இருக்காது. அம்மா உடம்புல அதுதான் நடக்குது. தேவையில்லாத இடத்துல எல்லாம் ரத்தம் உறைஞ்சு பிளேட்லெட்டைத் தின்னு தீர்த்துட்டுது. அதனால தேவையான இடத்துல உறைய ஒண்ணும் மிச்சம் இல்ல. ரெண்டு டாக்டரும் சொன்னது ஒரே விஷயம்தான் அக்கா." கையெழுத்துப் போட்டேன். மணி இரண்டேகால். அந்த இரண்டேமுக்கால் மணி நேரத்தில் சீழ் உள்ளேயே இருந்தது. அது எவ்வளவு கெடுத்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு பின்னால் நிறையப் படித்தேன், கேட்டேன். கிருமி உள்ளே வந்ததும் நம் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, ரத்தத்தை உறையத் தூண்டும் ஒரு புரதத்தைத் தன் மேலே ஏந்திக்கொள்கிறது. திசுக்காரணி என்று அதற்குப் பெயர். காயம் பட்டால்தான் அது ரத்தத்தைத் தொடும், இங்கே காயமே இல்லாமல் தொடுகிறது. இன்னொரு வகை வெள்ளை அணு தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கிறது. அந்த வலையில் பிளேட்லெட்டும் போய் ஒட்டிக்கொள்கிறது. சின்னக் காயத்தில் இதெல்லாம் நன்மைதான், கிருமி பரவாமல் அங்கேயே கட்டிப்போடும் வேலி. அம்மாவுக்கு நடந்த மாதிரி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்தான் ஆபத்து. உறைதலுக்குப் பிரேக் போடும் புரதங்கள் தீர்ந்துபோகின்றன, உறைந்ததைக் கரைக்கும் வேலையும் முடங்கிவிடுகிறது. போதாததற்கு, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் இருக்கிறதே, அது ரத்தக் குழாயின் உள்சுவரைத் தட்டி அழற்சியை இன்னும் கிளப்புகிறது. அழற்சி உறைதலைக் கூட்ட, உறைதல் அழற்சியைக் கூட்ட, சுற்றிச் சுற்றி இதுதான். சின்ன வயதில் பத்து மாவுங் என்ற ஊரின் கடலோரத்தில் பெலாங்காஸ் பார்த்திருக்கிறேன், குதிரைலாட நண்டு. 1956இல் பிரெடெரிக் பாங் என்ற ஆய்வாளர், பாக்டீரியா உள்ளே போனால் அந்த நண்டின் ரத்தம் கட்டிக்கொள்வதைக் கண்டு எழுதினார். அதிலிருந்துதான் ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே பிறந்தது. நண்டுக்குக் கிருமியோடு சண்டை போடுவதும் ரத்தத்தை உறைய வைப்பதும் ஒரே அணுவின் வேலை. நமக்குப் பிரிந்துவிட்டாலும் பழைய உறவு விட்டுப்போகவில்லை போலிருக்கிறது.

குழாய் போட்டதும் மோர் மாதிரிக் கலங்கலாகச் சீழ் வந்தது. அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று இரவு இன்னும் மோசமானது. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நார்-அட்ரினலின் ஏற ஏற, ஊசி குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது, ஈறில் ரத்தம், தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுகள். அதே நேரத்தில் இடது கால் விரல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. ஒரே உடம்பில், ஒரே இரவில், இரண்டும். நுண்ணிய குழாய்களில் உறைந்த ரத்தமும், அந்த மருந்து கைகால் குழாய்களைச் சுருக்குவதும் சேர்ந்து விரல்களுக்கு ரத்தம் போகவிடாமல் செய்ததாம். மருந்தை நிறுத்தினால் உயிர் போகும். இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: ஏற்றுகிற டிரிப்பில் கை பொதபொதவென்று வீங்கிவிடும். அம்மாவின் இரண்டு வளையலையும் வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம். அம்மாவின் மருத்துவக் காப்புறுதிக்கு பிரீமியம் ஏறியது என்று அதற்கு முந்தைய வருடம் நானே நிறுத்தியிருந்தேன், அதனால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. தனியார் ஐசியுவில் மூன்று இரவு, குழாய் போட்ட செலவு எல்லாம் சேர்த்து 46,800 வெள்ளி. கிரெடிட் கார்டில் 20,000, தம்பி அனுப்பியது 15,000, சேமநிதியில் இஷ்டப்பட்டபோது எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கிலிருந்து 4,300, என் தாலிக்கொடி தவிர்த்த நகைகளை அடகு வைத்து 7,500. ஞாயிறு மதியமே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்டேன். நடந்தது செவ்வாய் காலை. நாம் ஆம்புலன்ஸ் பிடித்துக்கொண்டு போகிற காரியம் இல்லை அது. இங்குள்ள டாக்டர் அங்குள்ள டாக்டரிடம் பேசி, அவர்கள் ஏற்றுக்கொண்டு, ஐசியு படுக்கை காலியாகி, வழியில் தாங்கும் நிலைக்கு நோயாளியும் வர வேண்டும். ஆகவே மாற்றும் எண்ணம் இருந்தால் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். கவுண்டரில் தினமும் அன்றுவரையான பில் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கடைசி நாள் எண்ணைப் பார்த்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு 17 நாள் இருந்தோம். அங்கே கட்டியது ஆயிரம் வெள்ளிக்கும் குறைவு.

அங்கேயும் ஒரு சண்டை போட்டேன். கசிவு நின்று பிளேட்லெட் 74,000க்கு வந்திருந்தது. தாதி வயிற்றில் ஒரு ஊசி போட வந்தார். என்ன என்று கேட்டால் ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் இருக்க. "நேற்று முன்தினம்வரை ரத்தம் கசிந்தது, இன்றைக்கு ரத்தத்தை இளக்கும் ஊசியா?" என்று குறுக்கே நின்றேன். மலாய்க்கார நிபுணர் வந்தார், என்னைக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். கசிவு இருக்கும்போதும் பிளேட்லெட் மிகவும் விழுந்திருக்கும்போதும் போட மாட்டோம். ஆனால் இப்படிப்பட்ட தொற்று வந்து படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் ரத்தம் பெரிய கட்டியாக உறைந்து நுரையீரலுக்குப் போகும் பயம் உண்டு. அதற்குத்தான் இந்தச் சின்ன அளவு. தைப்பூசப் போலீஸை நினைத்துக்கொண்டு விலகி நின்றேன். தம்பி வேறு மெல்பர்னிலிருந்து எதையோ படித்துவிட்டு, உறைதலையும் அழற்சியையும் ஒன்றாக அடக்க ஒரு மருந்து இருக்கிறது, அதை ஏன் போடவில்லை என்று கேள் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் படித்தது பழைய கட்டுரை. ஸைக்ரிஸ் என்ற அந்த மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மறுபடி பெரிதாக ஆராய்ந்தபோது உயிர் காப்பதாகத் தெரியவில்லை, ரத்தக்கசிவு ஆபத்தும் இருந்தது, 2011இல் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நிபுணர் சிரித்துக்கொண்டே சொன்னார்: உறைதலைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, அதைக் கிளப்பிவிட்ட கிருமியைக் கொல்வதும் சீழை வடிப்பதும்தான் மருந்து. கல்ச்சரில் வந்த கிருமி ஈ.கோலை, எல்லார் குடலிலும் இருப்பது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, யாராவது எனக்குப் போன் செய்து அப்பாவுக்கு இப்படி, அம்மாவுக்கு இப்படி என்றால் நான் கேட்கச் சொல்வது மூன்றுதான். கிருமி உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது, அதை வடிக்கவோ எடுக்கவோ வேண்டியிருக்கிறதா? ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கியது? லாக்டேட் இறங்குகிறதா? டாக்டர்கள் முரணாகப் பேசுவதாகத் தோன்றினால் கத்தாமல், "இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?" என்று கேளுங்கள். கேட்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கே எனக்குப் பதில் கிடைத்திருக்கும். அப்புறம், போனில் ஆலோசனை சொல்பவர்களில் யார் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தும் அது முடியவில்லை. அம்மாவுக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. ஐசியுவில் தாதிகள் தன் வளையலைத் திருடி வெட்டினார்கள் என்று இரண்டு மாதம் நம்பினார், வெட்டிய துண்டுகளைக் காட்டினால் அது வேறு வளையல் என்றார். கறுத்த விரல்களை உடனே எடுக்கவில்லை. எதுவரை உயிர் இருக்கிறது என்று தானாகக் கோடு பிரியட்டும் என்று காத்திருந்து, எட்டாவது வாரத்தில் இடது காலில் இரண்டு சின்ன விரல்களை எடுத்தார்கள். கல்லைப் பிறகு உடைத்தார்கள். நான் சம்பளமில்லா விடுப்பில் ஐந்து வாரம் இருந்தேன். அடகு நகை இன்னும் பாதி வரவில்லை.

போன மாதம் ஒரு நாள் நள்ளிரவில் அம்மாவுக்கு லேசாகக் குளிர் என்றதும், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். எரிச்சல், இடுப்பு வலி, கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார், பழைய ரிப்போர்ட் என்று எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தேன். விடிய விடிய உட்கார்ந்திருந்து எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். தொண்டைப் புண்தானாம். திரும்பும்போது காரில் அம்மா வழியெல்லாம் திட்டினார். "ஒரு வெள்ளி சீட்டுக்கு ஆறு மணி நேரம் உட்கார வச்சிட்டியே, பார்லி காய்ச்சிக் குடுத்திருந்தா போயிருக்கும்." ஜெலுத்தோங் சாலையில் கடை திறந்திருந்தது, நிறுத்தி இரண்டு கோப்பி கட்டிக்கொண்டேன். அம்மாவுக்குச் சீனி இல்லாமல்.